பார்வையற்றோருக்கான கட்டற்ற கணினி

திரையைப் பார்க்காமல் காதையும் விரலையும் மட்டும் கொண்டு இயக்கும்படி, கட்டற்ற மென்பொருள்களால் அமைக்கப்படும் கணினி இது. இயங்குதளம் பெரும்பாலும் குனு/லினக்ஸாக இருக்கும். திரையில் இருப்பதைச் சொல்ல ஒரு திரைபடிப்பானும், அதன் சொற்களை ஒலியாக்க ஒரு குரல்பொறியும் வேண்டும். திரையின் எழுத்தை விரலால் தொட்டறியும் புள்ளிகளாக்கும் பிரெய்ல் காட்டி வைத்திருப்பவருக்கு அதற்கான இயக்கியும் வேண்டும். இவை எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. நிறுவியபின் இணையமும் தேவையில்லை. தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டை போன்ற பேரூராட்சிகளிலும், அலைபேசிக் கோபுரம் எட்டாத கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் இந்த இரண்டாவது தன்மைதான் முதன்மையானது.

தொடக்க வரலாறு

1980களில் கணினித் திரை வெறும் எழுத்துகளால் ஆனது. நினைவகத்தில் வரிசையாக நின்ற எழுத்துகளை அப்படியே எடுத்துக் குரல் கருவிக்கு அனுப்பினால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் உருவாக்கிய திரைபடிப்பான் இவ்வழியில் இயங்கியது. குரல் தந்தவை தனிப் பெட்டிகள். 1984இல் வந்த டெக்டாக் அவற்றுள் புகழ்பெற்றது. டென்னிஸ் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்த இதன் விலை அன்று சுமார் 4,000 டாலர். 1989இல் டெட் ஹென்டரின் ஜாஸ் என்ற திரைபடிப்பான் வெளிவந்தது. பின்னர் விண்டோஸில் நெடுங்காலம் கோலோச்சிய இதன் உரிமத்தொகை, இந்தியாவில் பலருக்குக் கணினியின் விலையையே மிஞ்சியது.

கட்டற்ற உலகில் இத்துறை பிறந்த ஆண்டு 1995. லினக்ஸின் எழுத்துத் திரையைப் பிரெய்ல் காட்டிக்கு அனுப்பும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். நிரலை நிகில் நாயர் எழுதத் தொடங்கியது அவ்வாண்டில்தான். பிற்பாடு ஈஸ்பீக் ஆன குரல்பொறியின் முதல் வடிவத்தை, ஜொனாதன் டடிங்டன் ஏகார்ன் கணினிக்காக எழுதியதும் அதே ஆண்டு. டி. வி. ராமனின் ஈமாக்ஸ்பீக் வெளிவந்ததும் அப்போதுதான்.

1965இல் புனேயில் பிறந்த ராமன், கண்நீர் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். புனேயில் கணிதமும் மும்பை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியலும் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதுக்கு விளங்கும்படி வாசித்துக்காட்டும் ஆஸ்டர் என்ற அமைப்பே அவருடைய ஆய்வேடு. கணினி அறிவியலில் சிறந்த முனைவர் ஆய்வேட்டுக்கான ஏ.சி.எம். விருதும் அதற்குக் கிடைத்தது. டிஜிட்டல், அடோபி, ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களில் பணியாற்றி, 2005இல் கூகுளில் சேர்ந்தார்.

ஈமாக்ஸ்பீக் திரையைப் படிப்பதில்லை, நிரலையே பேசவைக்கிறது. ராமனே பலமுறை காட்டிய எடுத்துக்காட்டு நாட்காட்டி. மாத நாட்காட்டியைச் சாதாரணத் திரைபடிப்பான் இடமிருந்து வலமாக 4, 5, 6, 7 என்று எண்களாக ஒப்பித்துவிட்டுப் போகும். 6 என்ன கிழமை என்பது மேல் வரிசையைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஈமாக்ஸ்பீக்கோ இடஞ்சுட்டியை அந்த எண்ணில் வைத்ததும் ‘செவ்வாய், ஜூன் 6, 1995’ என்று சொல்லும். பொருளைச் சொல்வதே சரியான வழி; வடிவத்தைச் சொல்வது ஒட்டுப்போடும் வேலை. எனினும் உலகம் ஒட்டுப்போடும் வழியிலேயே போயிற்று. எல்லாவற்றையும் ஈமாக்ஸ் என்ற ஒரே மென்பொருளுக்குள் செய்யப் பழகுவது நிரலாளர்களுக்குத்தான் எளிது என்பதும் ஒரு காரணம்.

கனடாவைச் சேர்ந்த கர்க் ரைசரின் ஸ்பீக்கப், லினக்ஸ் கருவிற்குள்ளேயே அமரும் திரைபடிப்பான். கணினி கண் விழிக்கும்போதே இதுவும் பேசத் தொடங்கும். 2010இல் கருவின் சோதனைப் பகுதியில் இடம்பெற்று, 2020இல் முறையான உறுப்பாக ஏற்கப்பட்டது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், பார்வையற்ற தம் மனைவி அட்ரியானுக்காக, தாம் உருவாக்கிய லினக்ஸ் வகையான நாப்பிக்ஸில் ஒரு பேசும் முகப்பை அமைத்து, அதற்கு அவர் பெயரையே வைத்தார்.

ஓர்கா

பொத்தான்களும் சாளரங்களும் வந்தபின் பழைய முறை பயனற்றுப்போனது. படமாக வரையப்பட்ட எழுத்தை எடுத்துப் படிக்க முடியாது. எனவே ஒவ்வொரு மென்பொருளும் தன் திரையிலுள்ள உறுப்பின் பெயர், வகை, நிலை ஆகியவற்றைத் தனி வழியாக அறிவிக்கும் முறை வகுக்கப்பட்டது. ‘சேமி, பொத்தான்’, ‘நினைவில் கொள், தேர்வுப்பெட்டி, தேர்வாகவில்லை’ என்று காதில் விழுவது இந்த அறிவிப்புத்தான். நிரலாளர் பெயரிட மறந்திருந்தால் வெறும் ‘பொத்தான்’ என்று மட்டும் கேட்கும். அழுத்தினால் அனுப்புமா அழிக்குமா என்பது அழுத்தியபின்தான் தெரியும்.

குனோம் மேசைத்தளத்துக்கு இம்முறையில் முதலில் வந்தது னோபர்னிகஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய, தாமும் பார்வையற்றவரான மார்க் முல்காஹி தொடங்கி, வில்லி வாக்கர் வளர்த்த ஓர்கா, 2006 செப்டம்பரில் வந்த குனோம் 2.16இல் அதன் இடத்தைப் பிடித்தது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியதும் இப்பணிக்கான ஆட்கள் குறைக்கப்பட்டனர். ஜோன்மேரி டிக்ஸ் பொறுப்பேற்று நடத்தியதால் ஓர்கா பிழைத்தது. அதே 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், விண்டோஸுக்கான கட்டற்ற திரைபடிப்பானான என்.வி.டி.ஏ.வைத் தொடங்கினார். இந்தியாவில் இதன் பரவல் ஓர்காவினும் பெரிது. ஆனால் அடியில் இருப்பது விண்டோஸ் என்பதால் இக்கட்டுரையின் எல்லைக்குள் அது வராது.

தமிழ்க் குரல்

டடிங்டன் தம் குரல்பொறியை 2006இல் லினக்ஸுக்காகத் திருத்தி எழுதினார். 2015 இறுதியில் ரீஸ் டன் அதைக் கிளைபிரித்து ஈஸ்பீக் என்.ஜி. என்று தொடர்ந்தார். மனிதக் குரலைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டாமல், ஒலியலைகளைக் கணக்கிட்டு உருவாக்குவதால், தமிழ் உட்பட நூறு மொழிகளைப் பேசியும் சில மெகாபைட்டுகளில் இது அடங்குகிறது. குரல் கரகரப்பானது, முதல்முறை கேட்பவர் முகம் சுளிப்பார். ஆனால் வேகத்தைக் கூட்டும்போது சொற்கள் குழையாமல் நிற்கும். நாளெல்லாம் கணினியில் வேலை செய்பவருக்குக் குழைவான குரலைவிட இதுவே உகந்தது.

தமிழ் எழுத்து குரல்பொறிக்கு எளியது போலத் தோன்றி ஏமாற்றும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் க ஒன்றே. ஒலி வேறு வேறு. சொல்முதல், மெல்லினத்துக்குப் பின், இரு உயிர்களுக்கு நடுவே என்று இடம் பார்த்து ஒலிக்கும் விதிகளை எழுதிவிடலாம். பிறமொழிச் சொல்லில் இவ்விதி தடுக்கி விழும்: கணேசனும் பாலுவும் சொல்முதலிலேயே அதிர்வொலியோடு (g, b) தொடங்குவார்கள். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ரோமன் எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால், பொறி தானாக ஆங்கில உச்சரிப்புக்குத் தாவி மீளும்.

தமிழ்நாட்டில் தமிழ்க் குரலுக்கு முன்னோடி, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கல்யாண கிருஷ்ணன் குழுவினர் உருவாக்கிய பேசும் பன்மொழி எடிட்டர். சென்னையின் வித்யா விருக்ஷா அமைப்பு இதைக்கொண்டு பார்வையற்றோருக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் அதே ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி ஒருங்கிணைத்த கூட்டுத் திட்டத்தில் இந்திய மொழிகளுக்கான இயல்பான குரல்கள் உருவாயின. தமிழ்க் குரலில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் பங்கு உண்டு.

குரலைவிடப் பெரிய தடை எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை. கண்ணுக்கு அது தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் அடித்த ‘அம்மா’ என்ற சொல்லைத் திரைபடிப்பான் எழுத்தெழுத்தாகச் சொன்னால் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று கேட்கும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண் தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளைக் குறியாக்கம் மாற்றித்தான் கேட்க முடியும். ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிய அரசாணையோ படம் மட்டுமே. டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் இட்டு எடுக்க வேண்டும்.

அமைக்கும் முறை

2011 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்புகளின் தொடக்கத் தொகுதிகளில், விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணனோ அக்காளோ வாங்கிவந்து பரணில் ஏறிவிட்ட அத்தகைய லேப்டாப், மணலூர்பேட்டை போன்ற ஊரில் இவ்வேலைக்குத் தகுந்த பொருள். பேட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். நினைவகம் குறைவு என்பதால் மாட்டே போன்ற இலகுவான மேசைத்தளம் பொருந்தும். ஓர்கா அதில் நன்றாகவே இயங்குகிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால், பட்டியல் வந்ததற்கு அடையாளமாக ‘பீப்’ ஒலிக்கும். எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால் நிறுவல் முழுவதும் பேச்சிலேயே நடக்கும். இப்படி நிறுவிய கணினி முதல்முறை திறக்கும்போதே ஓர்காவோடு திறக்கிறது. பார்வையுள்ளவர் துணையின்றி ஒருவர் தம் கணினியைத் தாமே நிறுவிக்கொள்ள முடிவது சிறிய சலுகையல்ல. உபுண்டுவில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். லேப்டாப்பில் கேப்ஸ் லாக்கையே ஓர்காவின் கட்டளை விசையாக வைத்துக்கொள்வது வழக்கம். அதனுடன் எச் அழுத்தினால் கற்கும் முறை வரும்: எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், வேலையைச் செய்யாது. புதியவரை முதல் வாரம் இதிலேயே விட்டுவிடுவது நல்லது.

அமைத்துக் கொடுப்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று ஒலி: ஒலியளவு பூச்சியத்தில் இருந்தாலோ, ஒலி எச்.டி.எம்.ஐ. வழியே போய்க்கொண்டிருந்தாலோ, கணினி பழுதாகிவிட்டதாகவே பயனர் நினைப்பார். மற்றொன்று நுழைவுத் திரை: மேசைத்தளத்தில் ஓர்காவை இயக்கிவைத்தது கடவுச்சொல் கேட்கும் திரைக்குச் செல்லாது, அங்கே தனியாக இயக்கிவைக்க வேண்டும். இதை மறந்தால், வீட்டில் யாராவது வந்து கடவுச்சொல் போட்டுத்தரும் வரை பயனர் காத்திருக்க நேரும்.

தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட இவ்விசைப்பலகையில் ஒகரம் தவிர்ந்த குறில் உயிர்கள் இடக்கை நடுவரிசையிலும், அடிக்கடி வரும் மெய்கள் வலக்கை நடுவரிசையிலும் அமைந்துள்ளன. விசைப்பலகைகளில் எஃப், ஜே ஆகிய இரு எழுத்து விசைகளில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கும். தமிழ்99இல் எஃப் புள்ளிக்கும் ஜே பகரத்துக்கும் உரியவை. சுட்டுவிரல்கள் மேட்டில் அமர்ந்ததும் இடப்பக்கம் உ, இ, அ. வலப்பக்கம் ம, த, ந. வகுத்தவர்கள் பார்வையற்றோரை நினைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒலியை ரோமன் எழுத்தில் தட்டும் முறையைவிட இது கைக்கு விரைவில் படியும். பிரெய்ல் பழகியவர்களுக்கு, கேரளத்தில் உருவான சாரதா பிரெய்ல் உள்ளீடு இன்னும் எளிது. எஃப், டி, எஸ், ஜே, கே, எல் ஆகிய ஆறு விசைகள் ஆறு புள்ளிகளாக இயங்கும். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லை அறிந்தவர் அன்றே தமிழ் அடிக்கலாம்.

எழுத லிப்ரே ஆபிஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு. ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு உருப்பெருக்கியும் கறுப்புப் பின்னணியும் அமைப்புகளிலேயே உள்ளன.

பரவல்

பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய கேரளம் இதில் முந்திச் சென்றது. லியோஸ் எழுத்துணரியும், எல்லாம் சேர்த்துக் கட்டிய அக்சசிபிள் கோகோநட் இயங்குதளமும் அங்கிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் விண்டோஸும் என்.வி.டி.ஏ.வுமே வழக்கம். மணலூர்பேட்டை உள்ள கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் வரை அடங்கியிருந்த விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. 2012 முதல் வரும் கணியம் இதழில் தமிழிலேயே வழிகாட்டிகள் கிடைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகத்தக்க தகவல் தொழில்நுட்பத்தை அரசின் கடமையாக்கியது.

தற்போதைய நிலை

லினக்ஸ் மேசைத்தளங்கள் வேலாண்டு என்ற புதிய திரைக்காட்சி முறைக்கு மாறிவருவதால் ஓர்காவின் சில விசைக் கட்டளைகள் தடுமாறின, சீரமைப்பு நடந்துவருகிறது. இளைஞர்களில் பலர் ஆண்ட்ராய்டு அலைபேசியின் டாக்பேக் என்ற திரைபடிப்பானுக்குப் போய்விட்டனர்.