பரங்கிமலைச் சங்கிலியின் வாரிசு

ஆதம்பாக்கத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலையைப் புனித தோமையரோடு சேர்த்து நினைக்கும் நாம், வில்லியம் லாம்டனை மறந்துவிடுகிறோம். பின்னாளில் மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்ற பணிக்காக, 1802 ஏப்ரல் 10 அன்று அவர் அம்மலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை கிடத்தி எடுக்க 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளையும் உடன் வைத்தார். இதைவிட முக்கியமானது, அவரிடமிருந்த இன்னொரு சங்கிலி. அது நிலத்தில் இழுபடவில்லை. முதல் சங்கிலியைச் சரிபார்ப்பதற்கென்றே பத்திரமாக இருந்தது. தம் முறையையும் எண்களையும் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழில் அச்சிட்டும் வைத்தார்.

அந்தச் சங்கிலியின் வாரிசு இன்று தீப்பெட்டியளவு ஜி.பி.எஸ். லாகர். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிப்பைக் கேட்டு, நாம் நடக்க நடக்க இடத்தையும் நேரத்தையும் பதிந்துகொண்டே வரும். 2000 மே மாதம் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கிய பின்னரே, இக்கருவி சாமானியருக்குப் பயன்படலாயிற்று.

குறிப்பு வானிலிருந்து இலவசமாக வருகிறது, பதிவுக்குத்தான் பூட்டு. விண்டோஸில் மட்டும் இயங்கும் தன் மென்பொருள் வழியாகவே தடத்தை இறக்கித் தரும் லாகர்கள் பல வந்தன. லினக்ஸ் வைத்திருப்பவர் அவற்றை ஒதுக்கிவிடலாம். யு.எஸ்.பி.யில் செருகியதும் பென் டிரைவ் போலத் திறந்து, ஜி.பி.எக்ஸ். அல்லது என்.எம்.இ.ஏ. கோப்பைக் காட்டுவதே வாங்கத் தக்கது. வேறு வடிவமாயின், கட்டற்ற மென்பொருளான ஜி.பி.எஸ்.பேபலின் பட்டியலில் அந்த வடிவம் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். (கைப்பேசி போதாதா என்பீர்கள். போதும், மின்கலம் தீரும் வரை.)

பழைய லாகரை மலிவாக வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கொருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. புதுப்பிக்கப்படாத கருவி இடத்தைச் சரியாகச் சொல்லி, தேதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தள்ளக்கூடும். ஆண்டுதோறும் சுருங்கிவந்த ஆதம்பாக்கம் ஏரியின் கரையை நடந்து பதிபவருக்கு இது விளையாட்டல்ல: 2024இன் கரை 2004இன் கரையாகிவிடும்!

சில மீட்டர் பிழையுள்ள இத்தடம் பட்டாவுக்கு உதவாது. ஆனால் கரை எவ்வளவு உள்வாங்கியது என்று காட்டப் போதும். கடலோரப் பகுதிகளின் விரிவான அரசு வரைபடங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எட்டாதிருந்தன. 2021 பிப்ரவரியில்தான் விதிகள் தளர்ந்தன. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அத்தடத்தை ஏற்றிவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் அதே கரையில் நடந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். லாம்டனின் இரண்டாவது சங்கிலி செய்ததும் இதே வேலைதான்.