முழுமதியும் மூலிகையும்: பாகான் செராய்த் தமிழர் கண்ட பருவங்கள்

ஊர்ப்பெயர்களுள் சில மன்னர் பெயரைத் தாங்கும். சில ஆற்றின் பெயரைத் தாங்கும். பேராக் மாநிலத்தின் வடமேற்கே, கிரியான் மாவட்டத்தில் அமைந்துள்ள பாகான் செராய் ஒரு மணப்புல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் 'பாகான்' என்பது படகுகள் அணையும் துறையையும் அதனை ஒட்டிய குடியிருப்பையும் குறிக்கும். 'செராய்' என்பது எலுமிச்சைப் புல். சமையலுக்கு மணமும் சளிக்குக் கஷாயமும் ஆகும் ஒரு புல்லின் பெயரை ஊருக்கே சூட்டிய இம்மண்ணில், வானத்து முழுமதியைப் பார்த்து விழா நாள் கண்டு, வீட்டுப் பின்புறத்துக் கையகல நிலத்தில் துளசியும் கற்பூரவல்லியும் வளர்த்து வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாறு, திருவிழாக் காலத்தில் நினைந்து பார்க்கத் தக்கதாகும்.

மதியால் பெயர் பெற்ற மாதங்கள்

தமிழரின் ஆண்டு, கதிரவனின் ஓட்டத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. கதிரவன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குள் புகும் நாளே மாதப் பிறப்பு. ஆயினும் மாதங்களுக்குப் பெயர் வழங்கியது மதியே. முழுமதி சித்திரை விண்மீனை அடுத்து விளங்கும் மாதம் சித்திரை; விசாகத்தை அடுத்து விளங்கும் மாதம் வைகாசி; கார்த்திகை மீன்கூட்டத்தை அடுத்து விளங்குவது கார்த்திகை; மகத்தை அடுத்து விளங்குவது மாசி.

கதிரவனும் மதியும் பூமிக்கு இருபுறமும் நேரெதிரே நிற்கும் வேளையே பௌர்ணமி. தை மாதத்தில் கதிரவன் மகர இராசியில் இருப்பதால், முழுமதி அதற்கு நேரெதிரான கடக இராசியில், பூச விண்மீனின் அருகே தோன்றுகிறது. தைப்பூசம் முழுமதியை ஒட்டி வருவதன் காரணம் இதுவே. ஒரு முழுமதிக்கும் அடுத்த முழுமதிக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் ஆகும். பன்னிரண்டு முழுமதிகள் 354 நாளில் முடிந்துவிடும். இது கதிரவன் ஆண்டைவிட 11 நாள் குறைவு. ஆகவேதான் தைப்பூசம் ஓராண்டில் ஜனவரியிலும் மற்றோராண்டில் பிப்ரவரியிலும் வருகிறது.

இவ்விழா முறை மிகப் பழமையானது. புகார் நகரத்து இந்திர விழா சித்திரை முழுமதியில் தொடங்கியதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகத்தில், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெறுகின்றன. கப்பலேறி மலாயா வந்த தமிழர் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்த வரிசையையும் நெஞ்சில் ஏந்தியே வந்தனர்.

கரும்பும் நெல்லும் ரப்பரும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரியான் வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. கரையோரத்துக் குலா தோட்டம் அவற்றுள் ஒன்று. 'குலா' என்ற மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்பதே பொருள். இத்தோட்டங்களில் காடு அழிக்கவும், கால்வாய் வெட்டவும், கரும்பு நடவும் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். நோயும் கடும் உழைப்பும் பலரை விழுங்கின. 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் கரும்பு மறைந்து, அந்நிலங்களை ரப்பர் ஆட்கொண்டது.

மற்றொரு புறம், புக்கிட் மேராவில் நீர்த்தேக்கம் அமைத்து, கால்வாய்கள் வழியே வயல்களுக்கு நீர் கொண்டுசென்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவுற்றது. மலாயாவில் மேற்கொள்ளப்பட்ட முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் இதுவே. ஆகவே பாகான் செராய்த் தமிழர், ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தாலும், சாலை ஓரத்தில் நெல் விளையக் காணும் பேறு பெற்றிருந்தனர். பொங்கல் பானையில் இடும் நெல்லின் பயிரைக் கண்ணால் காண்பது, மலையடிவாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பலருக்கும் கிட்டாத ஒன்றாகும்.

மதி ஒன்றே; பருவம் வேறு

தஞ்சையில் தோன்றும் முழுமதியே பாகான் செராயிலும் தோன்றுகிறது. ஆனால் அதன் கீழே பெய்யும் மழை அதே மழை அன்று. தமிழகத்தில் சித்திரை கொடுங்கோடை. பேராக்கிலோ அது மாலைதோறும் இடி மழை பெய்யும் காலம். தமிழகத்தில் ஆடி என்றால் காவிரி பெருகும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று உழவன் விரைவான். இங்கு அம்மாதம் மழை குறைந்திருக்கும் காலமாகும். ஐப்பசி ஒன்றில்தான் இரு நாடும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. தீபாவளி இங்கும் மழையோடு வருகிறது. தையும் மாசியும் இங்கு வறண்ட மாதங்கள்.

எனவே முதல் தலைமுறையினர் விழாவுக்கு மதியையும், உழைப்புக்கு மரத்தையும் நாட்காட்டியாகக் கொள்ள நேர்ந்தது. தை, மாசி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளைச் செந்நிறமாக்கி உதிர்க்கும். புதுத் தளிர் முற்றும்வரை பால் குறையும்; பால் குறைந்தால் கூலி குறையும். ஆடி, ஆவணியில் காய்கள் வெடித்து விதைகள் சிதறும் ஓசை தோட்டமெங்கும் கேட்கும். ஐப்பசி மழையில் மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. அன்றைய வருமானமும் இல்லை.

இதனை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தைப்பூசமும் மாசி மகமும் பங்குனி உத்திரமும், தோட்டத் தொழிலாளியின் கை மிகவும் வறண்டிருக்கும் இலையுதிர் காலத்தை ஒட்டியே வருகின்றன. தமிழகத்தில் தை என்பது அறுவடை முடிந்து குதிர் நிறையும் மாதம். இங்கோ மங்கில் பால் குறையும் மாதம். அந்நாளில் ஒரு தொழிலாளி கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை, மிகுதியிலிருந்து கொடுத்ததன்று, குறைவிலிருந்து கொடுத்ததாகும். 1892இல் பத்துமலையில் தொடங்கிய தைப்பூச விழாவும், ஈப்போ கல்லுமலைக் கோயில் விழாவும், தெலுக் இந்தானின் சித்ரா பௌர்ணமி விழாவும் இத்தகைய எளியோரின் காலடிகளால் வளர்ந்தவையே.

கடலோரத் தோட்டங்களில் மதிக்கு வேறொரு பொருளும் இருந்தது. முழுமதி, அமாவாசை நாட்களில் கதிரவன், மதி ஆகிய இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் கடல்நீர் ஏற்றம் மிகும். கோல குராவ் முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் கடல் ஏறியிருக்கும்போது வாய்க்கால் நீர் வெளியேறாது. ஐப்பசி மழையும் பௌர்ணமி ஏற்றமும் ஒருசேர வந்தால் வெள்ளம் தங்கும். ஆகவே அங்கு பஞ்சாங்கம் பூசைக்கு மட்டுமன்றி, வாசலில் நீர் ஏறுமா என்று அறியவும் உதவக்கூடிய நூலாக இருந்தது.

பஞ்சாங்கமும் கடிகாரமும்

இரு நாட்டுக்கும் நாள் குறிப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. 1982 ஜனவரி 1 முதல் மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே செல்கிறது; அதற்குமுன் தீபகற்பத்தில் இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமாக இருந்தது. பாகான் செராயில் கதிரவன் சென்னையைவிடச் சராசரியாக 80 நிமிடம் முந்தி உதிக்கிறான். இந்த இடைவெளியில் ஒரு திதியோ நட்சத்திரமோ தொடங்குமானால், சென்னை உதயத்தில் அது இருக்கும். பாகான் செராய் உதயத்தில் இராது. தமிழகப் பஞ்சாங்கத்தை அப்படியே பின்பற்றினால் விரத நாள் மாறிவிடக்கூடும் என்பதால், மலேசிய நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைக் கோயில்கள் கையாளுவது முறையானதாகும்.

இம்மண் தந்த பச்சிலைகள்

பருவம் மாறியதுபோலச் செடிகளும் மாறின. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னாள் ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றை வீட்டு முகப்பில் காப்புக் கட்டுவர். ஆவாரை வறண்ட நிலத்துக் குறுஞ்செடி. இந்த ஈர மண்ணில் அது எளிதில் கிட்டாது. அதன் இடத்தை மாவிலை நிரப்பியது. வேம்பும் நீர் தேங்கும் களிமண்ணை விரும்பாத மரம். அதனை மேட்டு நிலம் பார்த்தே நடவேண்டும். அம்மன் கோயில் மேடை அதற்கு உகந்த இடமாயிற்று.

வேறு சில செடிகளோ, தமிழர் வருமுன்பே வேறு பெயரோடு இங்குக் காத்திருந்தன. வல்லாரையை மலாய் மக்கள் 'பெகாகா' என்று அழைத்துச் சோற்றோடு பச்சையாக உண்டனர். கீழாநெல்லியை அவர்கள் 'டுக்குங் அனாக்' என்றனர். குழந்தையைச் சுமத்தல் என்பது அப்பெயரின் பொருள். இலையின் அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும் காட்சியைத் தமிழன் 'கீழே நெல்லி' என்று கண்டான். மலாய்க்காரர் பிள்ளை சுமக்கும் தாயாகக் கண்டனர். தமிழகத்திலிருந்து வந்த கறிவேப்பிலையோ 'டாவுன் காரி' என்ற பெயருடன் மலாய்ச் சமையலறையிலும் இடம் பெற்றது. அண்டை வீட்டாரோடு மொழி பழகுமுன் இலை பழகியது எனலாம்.

மழை மாதங்களில் கற்பூரவல்லிச் சாறும் துளசி நீரும் சளிக்கு. தீபாவளி விருந்துக்குப் பின் இஞ்சி, ஓமம், திப்பிலி சேர்ந்த இலேகியம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை. மஞ்சள் எந்நாளும் என்பதே வீட்டு மருத்துவ முறை. மூலிகை பறிப்பதற்கும் ஒழுங்கு இருந்தது. செடிக்கு மஞ்சள் நீர் தெளித்து, காப்புக் கட்டி, அனுமதி வேண்டிப் பறிக்கும் வழக்கம் சித்த மருத்துவ மரபில் உண்டு. வேரோடு பிடுங்கி அழிக்காமல் வேண்டிய அளவே எடுக்கும் அடக்கத்தை அது மனிதனுக்குக் கற்பித்தது.

அதே வேளை, மரபின் மீதுள்ள பற்று ஆராய்ச்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சள் காமாலைக்கு வழங்கப்படும் கீழாநெல்லியைக் கொண்டு சென்னை ஆய்வாளர்கள் கல்லீரல் அழற்சி 'பி' கிருமியைச் சுமப்போரிடம் செய்த ஆய்வு 1988இல் லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பலன் காணப்படவில்லை. காமாலை, டெங்கி போன்ற நோய்களில் மருத்துவமனையை நாடாமல் பச்சிலையை மட்டும் நம்புவது உயிருக்கே ஊறு விளைக்கும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டம், இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்துள்ளது.

சுருங்கிய தோட்டம்

1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி கண்டார். பிற்காலத்தில் ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றைச் செம்பனை பிடித்துக்கொண்டது. லயங்கள் வெறுமையாயின, மக்கள் தாமான் வீடுகளுக்கும் நகரங்களுக்கும் சென்றனர்.

வீடு மாறியவர்கள் சாமி படத்தை எடுத்துச் சென்றனர். முருங்கை மரத்தை எடுத்துச் செல்ல இயலவில்லை. பாட்டி கொல்லையில் நின்று காட்டிய இலையைப் பேரப்பிள்ளை பெயரால் மட்டுமே அறிகிறது. பௌர்ணமி நாளைக் கைப்பேசி காட்டுகிறது. ஆனால் நிமிர்ந்து மதியைப் பார்ப்பவர் சிலரே. இந்த அறிவு ஏட்டில் எழுதப்பட்டு வந்ததன்று. கண் பார்த்து, கை தொட்டு, மூக்கு முகர்ந்து கற்றது. அச்சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்தால் அடுத்த தலைமுறைக்கு அதனைச் சொல்ல ஆள் இராது.

கோயில் நந்தவனம்

வானத்தின் கணக்கும் மண்ணின் பசுமையும் இன்றும் ஒருங்கே நிலைபெறக்கூடிய இடம் திருக்கோயிலே ஆகும். அங்கே பஞ்சாங்கம் உண்டு, தலவிருட்சம் உண்டு, சிறிதளவேனும் நிலம் உண்டு. அந்நிலத்தில் துளசி, வில்வம், நொச்சி, வல்லாரை, கற்பூரவல்லி ஆகியவற்றோடு ஊருக்குப் பெயர் தந்த எலுமிச்சைப் புல்லையும் நட்டு, தமிழிலும் மலாயிலும் பெயர்ப்பலகை வைக்கலாம். பௌர்ணமிப் பூசைக்கு வரும் மூத்தோர், பூசை முடிந்ததும் பிள்ளைகளை ஒரு நாழிகை அச்செடிகளின் அருகே அழைத்துச் சென்று, இலையைக் கசக்கி முகரச் செய்து, தாம் அறிந்ததைச் சொல்லலாம். பெருஞ்செலவு இல்லாத திருப்பணி இது.

கூலி குறைந்த மாதத்திலும் குறைவின்றி விழா எடுத்த முன்னோருக்கு இதைவிடச் சிறந்த நன்றிக்கடன் இராது. முழுமதி நாள்தோறும் நந்தவனம் தழைக்கவும், அதனைப் பேணும் இளங்கைகள் பெருகவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.