கல்லீரலா, இதயமா?

போன மாசம் வீட்டுக்கே லேப் ஆளை வரவழைச்சு ரத்தம் கொடுத்தேன். எஸ்.ஜி.ஓ.டி. எகிறியிருந்தது. தண்ணியே அடிக்காத எனக்குக் கல்லீரல் போச்சான்னு ரெண்டு நாள் தூக்கமில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஜிம்முக்குப் போறீங்களா?" சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது :-)

ஏன் அப்படிக் கேட்டார்னு தேடினப்ப ஒரு பழைய கதை கிடைச்சது. 1954-இல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் இந்த நொதி ரத்தத்தில் ஏறுவதை முதலில் சொன்னது மாரடைப்பு நோயாளிகளை வைத்து! அடுத்த வருஷமே இத்தாலியின் நேப்பிள்ஸில் டி ரிட்டிஸ் குழு வைரஸால் வந்த மஞ்சள் காமாலையிலும் இவ்வகை நொதிகள் ஏறுவதைக் காட்டியது. பிறகு மாரடைப்புக்கு ட்ரோபோனின் வந்துவிட, எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல் பட்டியலிலேயே தங்கிப்போச்சு.

ஆனா நொதி மாறலையே! அது இதயத்திலும் இருக்கு, தசையிலும் இருக்கு, சிவப்பணுவிலும் இருக்கு. வீட்டில் விரலைக் குத்திப் பிதுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே எண் ஏறும்.

நான் சும்மா பயந்ததோட போச்சு. இதுக்கு நேர்மாறாத்தான் ஆபத்து. கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய சிலருக்கு இந்த எண்கள் நார்மலாகவே வரும். தாளைப் பார்த்து நிம்மதியா இருந்துடுவாங்க. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சாப்பிடுற மாத்திரையை விசாரிக்கிற ஆளுக்குத்தான் அது பிடிபடும்.

ரத்தத்தை வீட்டிலேயே கொடுங்க, தப்பில்லை. தாளை மட்டும் டாக்டர்கிட்ட கொண்டுபோயிடுங்க.