ஐஸ்பெட்டியின் ஆயுள் எத்தனை ஆண்டு? ஜொகூர் வீடுகளின் பழம்பொருள் கணக்கு

ஜொகூரின் தாமான்களில் வார இறுதி என்றால் பேப்பர் லாமா லோரியின் ஒலிபெருக்கி கேட்கும். பழைய நாளிதழ், பழுதான தொலைக்காட்சி, ஓடாத சலவை இயந்திரம், தீர்ந்துபோன பேட்டரி என எதுவானாலும் எடுத்துக்கொண்டு சில ரிங்கிட் தருவார்கள். வீட்டுக்காரருக்கு இடம் மிச்சம். ஆனால், அந்த லோரியில் ஏறும் பொருள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நீண்ட நாள் உழைக்கும் பொருள்கள் எப்போது, எவ்வளவு கழிவாக வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறைக்குப் ‘பொருளோட்டப் பகுப்பாய்வு’ என்று பெயர். அடிப்படை எளிதானது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை விற்றன, ஒன்று சராசரியாக எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும், வரப்போகும் கழிவைக் கணக்கிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2012இல் 1,000 ஐஸ்பெட்டிகள் விற்றதாகவும், சராசரி ஆயுள் 12 ஆண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரமும் 2024இல் ஒரே நாளில் பழுதாகிவிடாது. சுவீடன் பொறியாளர் வாலோடி வெய்புல் 1951இல் விளக்கிய பரவல் வளைவைத்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி ஏறக்குறைய 270 பெட்டிகள் முதல் 8 ஆண்டுக்குள்ளேயே போய்விடும். அடுத்த 8 ஆண்டுகளில் 500 போகும். மீதி 230, 16 ஆண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி ஒன்று 60 கிலோ என்றால் மொத்தம் 60 டன். அதில் ஏறத்தாழப் பாதி எஃகு, அடுத்த பெரும் பங்கு பிளாஸ்டிக், பிறகு செம்பும் அலுமினியமும். எந்த ஆண்டு எத்தனை டன் செம்பு திரும்ப வரும் என்று தெரிந்தால்தான் மறுசுழற்சி ஆலையை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று முடிவு செய்ய முடியும்.

மலேசியா இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்திருக்கிறது. சுற்றுச்சூழல் துறைக்காக 2008இல் நடத்தப்பட்ட மின்-கழிவுக் கணக்கெடுப்பு, அவ்வாண்டுக்குச் சுமார் 688,000 டன் என்றும், 2020இல் அது 11 லட்சம் டன்னைத் தாண்டும் என்றும் மதிப்பிட்டது.

கணக்கு தடுமாறுவது வீட்டு வாசலில்தான். நம் வீடுகளில் பழைய ஐஸ்பெட்டி தம்பி வீட்டுக்கோ தோட்டத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கோ போகும். அங்கும் ஓடாமல் போனால் அரிசி மூட்டை வைக்கும் அலமாரியாகும். பழைய கைத்தொலைபேசிகளோ மேசை இழுப்பறையில் தூங்கும். பொருள் செத்துவிட்டது, ஆனால் கழிவாகவில்லை. எந்த வளைவும் இதை எளிதில் பிடிப்பதில்லை.

அரசாங்க முடிவுகளும் ஆயுளை மாற்றும். 2019 அக்டோபர் 31இல் நாட்டின் அனலாக் ஒளிபரப்பு முழுமையாக நின்றது. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரேயடியாகக் குப்பைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால், உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு இலவச டிகோடர் கொடுக்கப்பட்டதால் பல பெட்டிகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தாமதமாக வந்தாலும் அந்த ஈயம் வந்தே தீரும்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் மின்-கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீடு. தொழிற்சாலைகள் அதை உரிமம் பெற்ற நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். வீடுகளுக்கான தனி விதிமுறையோ நீண்ட காலம் வரைவாகவே கிடந்தது. தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, குளிரூட்டி, சலவை இயந்திரம், கணினி, கைத்தொலைபேசி ஆகிய ஆறும் அந்த வரைவில் இடம்பெற்றவை.

உரிமம் இல்லாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? செம்புக்காகக் குழாயை அறுத்ததும் ஐஸ்பெட்டியின் வாயு காற்றில் கலந்துவிடும். ஆர்-134ஏ வாயு 150 கிராம் வெளியேறினால், அது 200 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். வாங்குபவர் செம்புக்கு விலை பேசுவார். வாயுவுக்கு விலை பேச ஆளில்லை.

கணக்கில் வராத கழிவு என்ன செய்யும் என்பதை ஜொகூர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். அது மின்-கழிவு அல்ல. அப்போது சந்தேகம் விழுந்தது பழைய டயர்களைப் பதப்படுத்தும் தொழில் மீது. டயரும் ஆயுள் முடிந்து திரும்பி வரும் பொருள்தான்.

இனி கூலாய், நூசாஜெயா பகுதிகளின் தரவு மையங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐஸ்பெட்டிகள் 20 ஆண்டுகளில் சிதறிச் சிதறிப் பழுதாகும். சர்வர்களை நிறுவனங்கள் ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும். 2024இல் பொருத்தியவை 2029 வாக்கில் மொத்தமாகவே வெளியே வரும்.

வீட்டில் ஓடாத சாமான் வைத்திருப்போர், உரிமம் பெற்ற சேகரிப்பு நிலையங்களின் பட்டியலைச் சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம். ஜொகூரில் 2015 முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். வாரத்தில் இரு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் பெரிய சாமான்களும் எடுக்கப்படுகின்றன. கைத்தொலைபேசியையோ கணினியையோ கொடுப்பதற்குமுன் அதிலுள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிடுவது நல்லது.