முட்டை சாப்பிட முடியாத மனைவியும் ஒரு புட்டிங்கும்

புட்டிங்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தட்டுல கவிழ்த்தா தளதளன்னு ஆடுற இனிப்பு, இல்லையா? ஆனா இங்கிலாந்துல அந்தச் சொல் முதல்ல குறிச்சது இறைச்சிப் பண்டத்தை. ரத்தம், கொழுப்பு, தானியம் எல்லாத்தையும் குடலுக்குள்ள திணிச்சு வேகவைப்பாங்க. பிளாக் புட்டிங்ங்கிற பேர்ல அது இன்னைக்கும் அங்க காலை உணவுல இருக்கு.

குடல் வேணும்னா ஆடோ பன்றியோ வெட்டியாகணும். 17ஆம் நூற்றாண்டுல துணியில கட்டி வேகவைக்கிற பழக்கம் பரவினதும் அந்தக் கட்டாயம் போச்சு. மாவு, உலர்பழம், சர்க்கரைன்னு எதை வேணும்னாலும் மூட்டை கட்டலாம். கிறிஸ்துமஸ் புட்டிங் வந்தது இந்த வழியிலதான்.

இன்னொரு பக்கம் கஸ்டர்ட். பாலைக் கெட்டியாக்க அதுல முட்டை சேர்த்தே ஆகணும். பர்மிங்ஹாம்ல மருந்துக்கடை வச்சிருந்த ஆல்ஃபிரெட் பேர்டுக்கு அங்கதான் சிக்கல். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்காது. 1837ல அவர் முட்டைக்குப் பதிலா சோளமாவை வச்சு ஒரு பொடி தயாரிச்சார். நம்ம வீட்டு ஃப்ரூட் சாலட்ல கலக்குற கஸ்டர்ட் பவுடரோட ஆரம்பம் அதுதான். எலிசபெத்துக்கு ஈஸ்ட்டும் ஆகாதுங்கிறதால, 1843ல பேக்கிங் பவுடரும் செஞ்சார்.

இந்தக் கதை எனக்கு முக்கியமானதுக்குக் காரணம் என் தங்கச்சி. அவளுக்கும் முட்டை அலர்ஜி. சின்ன வயசுல எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் கேக் வெட்டுறப்போ சிப்ஸ் தட்டோட ஓரமா நிப்பா. அவளுக்காக நான் கத்துக்கிட்ட புட்டிங் இது.

அரை லிட்டர் பால்ல கால் கப் ஆறின பாலைத் தனியா எடுத்து, 4 மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டியில்லாம கரைங்க. மீதிப் பால்ல 5 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு சூடாக்குங்க. தீயைக் குறைச்சு, கரைசலைக் கிளறிக்கிட்டே ஊத்துங்க. கெட்டியானதும் இன்னும் 2 நிமிஷம் விடாம கிளறி, ஏலக்காய்ப் பொடி தூவி, டம்ளர்கள்ல ஊத்துங்க. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல 3 மணி நேரம்.

மாவை நேரா சூடான பால்ல கொட்டிடாதீங்க. வெளிப்பக்கம் உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த மாவு மாட்டிக்கும். அதுதான் கட்டி.

போன பிறந்தநாளுக்கு முதல் டம்ளரை தங்கச்சி எடுத்தா. "இதுல என்னண்ணா இருக்கு?"ன்னு அவ கேட்கவே இல்ல.