"லேசான தடிமன்தானே" என்று நாங்கள் சொல்லும் வருத்தத்தின் வரலாறு

உறவுகளே, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் முதலில் என்ன செய்கிறோம்? பிள்ளையை மடியில் வாங்கிக் கன்னத்தில் கொஞ்சுகிறோம். இருமல் இருந்தாலும் "லேசான தடிமன்தானே" என்கிறோம். அந்தத் தடிமனுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1956இல் அமெரிக்காவின் வோல்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் சிம்பன்சிக் குரங்குகளுக்குத் தடிமன் பிடித்தது. அவற்றிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடமே வைத்தியர் ரொபர்ட் சானொக், பால்டிமோர் நகரில் நெஞ்சு வருத்தத்தோடு இருந்த கைக்குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார். குரங்கு வருத்தம் என்று நினைத்தது எங்கள் பிள்ளைகளின் வருத்தமாக இருந்தது. இன்று அதன் பெயர் ஆர்.எஸ்.வி.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் மூக்கொழுகலோடு போய்விடும். ஆனால் கைக்குழந்தையின் சுவாசக் குழாய் மிகச் சிறியது. கொஞ்சம் வீங்கிச் சளி கட்டினாலே மூச்சு முட்டும். 2019இல் மட்டும் 5 வயதுக்குக் குறைந்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உலகெங்கும் இதனால் மௌத்தானதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் 6 மாதம்கூட நிரம்பாதவர்கள். அநேகமாக எல்லோரும் எங்களைப் போன்ற வசதி குறைந்த நாடுகளின் பிள்ளைகள்.

வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1960களின் நடுப்பகுதியில் ஃபோர்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தடுப்பூசி தயாரித்துப் பரீட்சித்தார்கள். அது பாதுகாக்கவில்லை. ஊசி போட்ட பின் வைரஸ் தொற்றிய குழந்தைகளில் 80 வீதமானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்த ஊசி போடாமல் தொற்றியவர்களில் அப்படிப் போனது 5 வீதம்தான். இரண்டு குழந்தைகள் உயிரிழந்தன. பெரும் கைசேதம். ஆய்வாளர்கள் அதை மூடி மறைக்கவில்லை. 1969இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஏன் பிழைத்தது? விடை கிடைக்கப் பல தசாப்தங்கள் ஆனது. எங்கள் கலத்துக்குள் நுழைய இந்த வைரஸ் பயன்படுத்தும் புரதம், நுழையும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். பழைய ஊசி உடலுக்குக் காட்டியது மாறிய வடிவத்தை. கள்வனின் வேறு படத்தைக் காட்டிக் காவல்காரனை வாசலில் நிறுத்திய கதைதான். 2013இல் ஜேசன் மக்லெலன், பார்னி கிரஹாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மாறுவதற்கு முந்திய வடிவத்தைக் கண்டறிந்தார்கள். அதே வழிமுறைதான் பின்னர் கொவிட் தடுப்பூசிகளுக்கும் உதவியது.

2023இல் கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசியை அமெரிக்கா அங்கீகரித்தது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. பிறந்த பிள்ளைக்கே போடும் நிர்செவிமாப் என்ற ஊசியும் இருக்கிறது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பரிந்துரைத்தது.

"அந்தக் காலத்தில் ஊசியால் பிள்ளைகள் செத்தன" என்று யாராவது பாதிக் கதை அனுப்பினால், மீதிக் கதையை நாங்கள் சொல்ல வேண்டும். பிழையை ஒப்புக்கொண்டு தேடியதால்தான் வழி பிறந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். பெயர் வைக்கும் நாளோ, அகீகாவோ, தடிமன் உள்ளவர் பிள்ளையைத் தூக்காமல் தூரத்தில் நின்று வாழ்த்தினால் போதும். மற்றவர்களும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டே தூக்குவோம். முகத்தில் கொஞ்ச வேண்டாம். பிள்ளை இருக்கும் வீட்டில் சிகரட் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பிள்ளை வேகமாக மூச்செடுத்தால், நெஞ்சு உள்ளே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலமானால், இடையிடையே மூச்சு நின்றால், கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"பிள்ளையைத் தொடாதீங்க" என்று சொல்லும் இளம் உம்மாவைப் பெருமைக்காரி என்று பேசாதிருப்போம். அவள் சொல்ல வெட்கப்படுவதை நாங்களே முந்திச் சொல்வோம். பிள்ளை பிறந்திருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.