பள்ளிக்குள் வந்த கல்லூரி

உங்கள் வீட்டில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் எவரேனும் இருந்தால், பள்ளியில் எதுவரை படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். "பதினோராம் வகுப்பு வரை பள்ளி, பிறகு கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு" என்று அவர் சொல்லக்கூடும். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. அதுவரை கல்லூரிக்கு உரியதாக இருந்த படிப்பு பள்ளிக்கு வந்து சேர்ந்தது. விரிவுரையாளர் கற்பித்து வந்ததைப் பள்ளி ஆசிரியர் கற்பிக்கலானார்.

அப்படியானால் பள்ளி எங்கே முடிகிறது? கல்லூரி எங்கே தொடங்குகிறது? இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி இயற்கை போட்டதன்று, மனிதர் போட்டதுதான். அந்த வேலியில் ஒரு வாசலைத் திறந்து, "விரும்பும் மாணவர் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்" என்று சொன்ன நாடு அமெரிக்கா. அந்த வாசல் திறந்த கதையும், அதில் யார் நுழைய முடிந்தது என்ற கதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

ஒரே பாடம் இருமுறை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர், நம் மேல்நிலை மாணவரைப்போல ஒரு பாடப்பிரிவு முழுவதையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கணிதத்தில் ஒன்று, வரலாற்றில் ஒன்று எனத் தனித்தனியாகவே பாடங்களைத் தெரிவு செய்கிறார்.

1951ஆம் ஆண்டு ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று புகழ்பெற்ற தனியார் பள்ளிகளும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி ஓர் ஆய்வில் இறங்கின. ஃபோர்டு அறநிறுவனம் ஏற்படுத்திய கல்வி நிதியம் இதற்குப் பொருளுதவி செய்தது. மறு ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படித்ததையே நல்ல மாணவர்கள் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் படிக்கிறார்கள் என்பது அதன் முக்கிய முடிவு. இதனால் காலம் வீணாவதோடு, கற்கும் ஆர்வமும் மங்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இரண்டு வழிகள்

இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் தோன்றின. மாணவனைக் கல்லூரிக்கு அழைத்துச் செல்வது முதல் வழி. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இளைஞர்கள் படைக்கு அழைக்கப்படுமுன் சிறிதேனும் கல்லூரிக் கல்வி பெறட்டும் என்ற எண்ணமும் சேர்ந்தது. 1951இல் சிகாகோ, கொலம்பியா, விஸ்கான்சின், யேல் ஆகிய பல்கலைக்கழகங்கள் சுமார் பதினாறு வயதே ஆன மாணவர்களைச் சேர்த்துக்கொண்டன.

கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவருவது இரண்டாவது வழி. ஒஹையோ மாநிலத்தில் உள்ள கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸ் இதில் முன்னின்றார். பன்னிரண்டு கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து, முதலாண்டுப் பாடங்களில் மாணவர் எவற்றைக் கற்றிருக்க வேண்டும் என வரையறுத்தன. சில பள்ளிகள் அவற்றைக் கற்பிக்க முன்வந்தன. 1954இல் சோதனைத் தேர்வு நடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அக்கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களும் அதே தேர்வை எழுதினார்கள். பள்ளி மாணவர்கள் அவர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை!

1955இல் அமெரிக்கக் கல்லூரித் தேர்வு வாரியம் இத்திட்டத்தை ஏற்றது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்பது இதன் பெயர். 'ஒரு படி முன்னே இடம் தருதல்' என்று பொருள் கொள்ளலாம். 1956இல் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் 2,199 தேர்வுகளை எழுதினார்கள். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு முதல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. "அறிவியலில் நாம் பின்தங்கிவிட்டோமோ?" என்ற அச்சம் அமெரிக்காவைப் பிடித்தது. கூடுதலாகக் கற்பிக்கும் எந்தத் திட்டத்துக்கும் அதன்பின் நல்ல வரவேற்பு இருந்தது.

மதிப்பெண் முறை

ஓராண்டு வகுப்பு முடிந்ததும், மே மாதத்தில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு நடைபெறும். கட்டுரை விடைகளைக் கல்லூரிப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து மதிப்பிடுவர். தரம் 1 முதல் 5 வரை. பொதுவாக 3 பெற்றால் தேர்ச்சி எனலாம். ஆயினும் எந்தத் தரத்துக்கு என்ன சலுகை தருவது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. சில கல்லூரிகள் முதலாண்டுப் பாடம் ஒன்றைக் கற்றதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சில அடுத்த நிலைப் பாடத்தில் சேர மட்டும் இடம் தரும்.

பதினெட்டு மாணவர்கள்

திட்டம் தொடங்கியபோது பெரும்பாலும் வசதி மிக்க பள்ளிகளின் பிள்ளைகளே பயன் பெற்றார்கள். ஏழைப் பிள்ளைகளால் இது முடியாதா? இக்கேள்விக்கு விடை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் கிடைத்தது.

அங்குள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களுள் பெரும்பாலோர் மெக்சிக வழிவந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1974இல் ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியர் அங்கு வந்து சேர்ந்தார். 1930இல் பொலிவியா நாட்டில் பிறந்தவர். அங்கே ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பின், ஆங்கிலம் கற்று மறுபடியும் பட்டம் பெறும்வரை, உணவு விடுதியில்கூட வேலை பார்த்தவர்.

எளிய கணக்கே வராத பிள்ளைகளுக்கு நுண்கணிதமா என்று பலர் ஐயுற்றனர். எஸ்கலாந்தே அவசரப்படவில்லை. இயற்கணிதமும் திரிகோணமிதியும் தெரியாமல் நுண்கணிதம் வராது. ஆகவே கீழ்வகுப்புகளிலிருந்தே அடித்தளத்தைப் பலப்படுத்த முனைந்தார். பள்ளி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் வகுப்பு நடத்தினார்.

1982இல் அவருடைய மாணவர் பதினெட்டுப் பேர் நுண்கணிதத் தேர்வு எழுதினர், அனைவரும் தேறினர். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில விடைத்தாள்களில் பிழைகள் ஒன்றுபோல இருப்பதாகச் சொல்லி, தேர்வு நடத்திய அமைப்பு பதினான்கு பேர்மீது ஐயம் கொண்டது. அவர்களுள் பன்னிரண்டு பேர் மறுதேர்வு எழுத ஒப்புக்கொண்டனர். கோடை விடுமுறையில் சில நாள் மட்டுமே படித்துவிட்டு மீண்டும் எழுதினர். பன்னிரண்டு பேரும் தேறினர்! 1988இல் இது திரைப்படமாகவும் வந்தது.

அந்தப் படம் பார்த்தவர்கள் ஒரே ஆண்டில் அதிசயம் நிகழ்ந்ததாக எண்ணக்கூடும். உண்மையில் 1974க்கும் 1982க்கும் இடையே எட்டு ஆண்டுகள் உள்ளன. 1991இல் அவர் அப்பள்ளியை விட்டு விலகினார். அதன்பின் தேறியோர் தொகை குறைந்தது.

இருந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

1985இல் மின்னசோட்டா மாநிலம் இன்னொரு வாசலைத் திறந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அருகிலுள்ள கல்லூரிக்கே சென்று பாடம் கேட்கலாம். கட்டணத்தை அரசே செலுத்தும் எனச் சட்டம் செய்தது. பள்ளியில் அந்தப் பாடம் இல்லாதவருக்கும் இதனால் வழி பிறந்தது. கலிபோர்னியாவிலோ 1999இல் வழக்கே வந்தது. பணக்காரப் பகுதிப் பள்ளிகளில் கல்லூரி நிலைப் பாடங்கள் நிறைய இருக்க, ஏழைப் பகுதிப் பள்ளிகளில் மிகச் சிலவே இருப்பது நியாயமா என்று மாணவர்கள் நீதிமன்றத்தில் கேட்டனர். பாடமே நடத்தப்படாத பள்ளியில் படிப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்து என்ன பயன்?

இன்று ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இத்தேர்வுகளை எழுதுகிறார்கள். 1,229 பேரோடு தொடங்கிய திட்டம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? பதினேழு வயதில் ஒரு மாணவர் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது, பதின்மூன்று வயதில் அவருக்கு இயற்கணிதம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. நீங்களும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். விண்ணப்பம் வாங்கும் நாளில் அதைப்பற்றி யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். எட்டாம் வகுப்பில் புரியாமல் விட்ட கணக்கு ஏதேனும் இருந்தால் இன்றே ஆசிரியரிடம் சென்று கேளுங்கள். நாளை நீங்கள் விரும்பும் பாடத்துக்கு அந்தக் கணக்கே வழியாக இருக்கலாம்.